பாதி விலைக்கும் குறைவாக ஜெர்மன் கார்: வாங்கிய பின் வரும் கணக்கு

எட்டு வயதான பிஎம்டபிள்யூ, ஆடி, மெர்சிடிஸ் கார்களைப் பழைய கார் சந்தையில் இன்று ஒரு புதிய மாருதி அல்லது ஹூண்டாய் காரின் விலைக்கே வாங்கிவிட முடிகிறது. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்துடன் ஊர் திரும்பியவர்களுக்கும், தொழிலில் ஓரளவு காலூன்றியவர்களுக்கும் இது பெரிய ஆசையைத் தூண்டுகிறது. ஆசை தவறில்லை. ஆனால் வாங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. அதன் உதிரிபாகத்தின் விலை அப்படிக் குறைவதில்லை. ஷோரூமில் 50 லட்சத்துக்கு விற்ற கார் நமக்கு 12 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஹெட்லைட் இன்னமும் 50 லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட்தான். பழுதுபார்க்க 3 லட்சம் ஆனால், புதிதாக வாங்கியவருக்கு அது கார் விலையில் 6 சதவீதம். நமக்கு 25 சதவீதம்! அதுவும் அவருக்கு வாரண்டி இருந்தது. பலர் காரை விற்கத் தொடங்குவதே அந்த வாரண்டி முடியும் சமயத்தில்தான்.

அப்படி என்னதான் செலவு வந்துவிடும்? பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 2007ல் அறிமுகமான இது 320டி, 520டி, எக்ஸ்1 என நம் நாட்டிலும் அதிகம் விற்ற மாடல்களில் இருந்தது. பெரும்பாலான கார்களில் டைமிங் செயின் இன்ஜினின் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்துவிட்டார்கள். இந்தச் செயினும் அதைத் தாங்கும் வழிகாட்டிகளும் தேய்ந்துபோவது உலகம் முழுவதும் அறியப்பட்ட குறை. முதலில் இன்ஜினின் பின்புறமிருந்து உரசும் சத்தம் வரும். அதைக் கவனிக்காமல் ஓட்டி, செயின் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். செயினின் விலை ஒன்றும் பெரிதல்ல. ஆனால் அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸையோ இன்ஜினையோ கீழே இறக்க வேண்டும். நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கூலிக்குத்தான் போகிறது.

சென்னைக்கு அருகிலேயே பிஎம்டபிள்யூ தொழிற்சாலை இருக்கிறதே, பாகங்கள் மலிவாகக் கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. 2007 முதல் அங்கே கார்கள் பொருத்தப்படுவது உண்மை. அது புதிய காரின் வரிச்சுமையைக் குறைக்கிறது. பழைய மாடலின் பாகங்கள் பலவற்றுக்கு இறக்குமதியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அடுத்து கியர்பாக்ஸ். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் டிஎஸ்ஜி, போலோ ஜிடி டிஎஸ்ஐ, வென்டோ போன்ற சிறிய கார்களிலும் வந்தது. 2013 நவம்பரில் அந்த நிறுவனம் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, இந்த கியர்பாக்ஸின் செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று செல்லும் நெரிசலில் மின்கோளாறு வரக்கூடும் என்பதே காரணம். நம் நகரங்களின் நிலையும் அதுதானே!

'ஆயுளுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டாம்' என்ற வாக்குறுதி இன்னொரு பொறி. பிஎம்டபிள்யூவில் வரும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. ஒரு லட்சம் கி.மீ. ஓடிய காரில் இது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள பெரிய கார்களில் ரப்பர் காற்றுப்பைகள் வயதானால் வெடிப்பு விடும். காற்று கசியக் கசிய கம்ப்ரஸரும் ஓய்வின்றி ஓடிப் பழுதாகும். இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் விஷயம் புரிந்துவிடும்.

இவை மோசமான கார்கள் என்று நாம் சொல்லவில்லை. கிரேக்க நாட்டு டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி காரை 46 லட்சம் கி.மீ. ஓட்டினார். 2004ல் அது மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர் இடையிடையே பலமுறை இன்ஜினை மாற்றித்தான் ஓட்டினார் என்பதைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். விபத்தில் அடிபட்டால்தான் அது வரும். செயின் தேய்ந்ததற்கும் கியர்பாக்ஸ் நின்றதற்கும் வராது. தேய்மானக் கழிவு இல்லாத 'ஜீரோ டெப்' பாலிசி பழைய கார்களுக்குக் கிடைப்பது அரிது. அது இல்லாவிட்டால் ஐந்து முதல் பத்து வயதுள்ள காரின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதத்தையும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதத்தையும் கழித்துக்கொள்வார்கள். இன்றைய கார்களின் பம்பர் பிளாஸ்டிக்தான். இன்னொன்றும் உண்டு. பழுதுச் செலவு, பாலிசியில் குறித்த கார் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரையே முழு இழப்பாகக் கணக்கு வைத்துவிடுவார்கள். மதிப்பு குறைந்து பாக விலை குறையாத இந்தக் கார்கள் அந்த எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடுகின்றன. நடுத்தரமான விபத்தே போதும்.

மிக மலிவாக வரும் கார் எங்கிருந்து வருகிறது என்பதையும் விசாரிக்க வேண்டும். பத்து ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கு டெல்லியில் 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால் அங்கே விலை விழுந்த கார்கள் பிற மாநிலங்களுக்கு வந்தன. அப்படி வாங்கினால் அங்குள்ள ஆர்டிஓவின் தடையில்லாச் சான்றும், நம் மாநிலத்தில் மறுபதிவும் சாலை வரியும் வேண்டும். தரகர் சொல்லும் விலையில் இவை இருப்பதில்லை.

அப்படியும் வாங்க முடிவு செய்தால், கார் விலையில் கால் பங்கையாவது தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு என்ன கார் கிடைக்கிறது என்று பாருங்கள். அதற்கும் கடன் வாங்க வேண்டியிருந்தால் இந்தக் கார் இப்போது வேண்டாம் என்பதே நம் கருத்து. வாரண்டி முடிந்த காருக்கு, இந்த பிராண்டையே பார்க்கும் தனியார் மெக்கானிக் பக்கத்தில் இருப்பது அவசியம். போஷ், இசட்எஃப், ஹெல்லா, மாலே போன்ற நிறுவனங்கள்தான் பல பாகங்களைத் தயாரித்துக் கொடுக்கின்றன. கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாமல் அவர்களுடைய பெட்டியிலேயே வாங்கினால் விலை கணிசமாகக் குறையும்.

முன்பணம் கொடுக்கும் முன் அந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று கம்ப்யூட்டர் ஸ்கேன் எடுங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேளுங்கள். சர்வீஸ் பதிவைச் சேசிஸ் எண்ணுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் 2015லும் 2023லும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம், ஆகவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சேற்றுக் கறை அங்கே அப்படியே இருக்கும்.