தலைக்கு வந்தது சுவரோடு போச்சு! - ஒரு கோடாலி கற்றுத்தந்த பாடம்

2018 நவம்பர் 16. கஜா புயல் கரையைக் கடந்த இரவு முழுக்க நாங்கள் யாரும் தூங்கவில்லை. விடிந்து கதவைத் திறந்தால், தெரு இருந்த இடத்தில் தென்னையும் புளியமரமும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. பட்டுக்கோட்டைப் பக்கம் அன்றைக்கு எல்லா ஊரும் அப்படித்தான். மரம் அறுக்கும் மெஷின் எங்கள் தெருவுக்கு வந்து சேர நாளாகும் என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுப் பரணிலிருந்தும் அரிவாளும் கோடாலியும் கீழே இறங்கின.

எங்கள் வீட்டுக் கோடாலி தாத்தா காலத்தது. காம்பைப் பிடித்து ஆட்டினால் தலை 'கடக் கடக்' என்று ஆடும். அப்பாவுக்கு அது ஒரு பிரச்னையே இல்லை. வாளித் தண்ணீரில் தலைகீழாக ஊறப்போட்டுவிடுவார். இரண்டு மணி நேரத்தில் காம்பு உப்பி, தலை இரும்புப் பிடியாக நிற்கும். அன்றும் அதைத்தான் செய்தார்.

இரண்டு நாள் நன்றாகத்தான் வெட்டியது. மூன்றாம் நாள் நல்ல வெயில். மதியம் சித்தப்பா ஓங்கி வெட்டிய வெட்டில் தலை காம்பைவிட்டுக் கழன்றது. கிளை பொறுக்கிக்கொண்டிருந்த என் தம்பிக்கு அப்போது பத்து வயது. அவன் காதோரம் 'விர்'ரென்று போய், மாட்டுக்கொட்டகைச் சுவரில் மோதி விழுந்தது. சுவரில் விழுந்த அந்தப் பள்ளத்தை அப்பா இன்றுவரை பூசவிடவில்லை.

அன்று சாயங்காலமே கோடாலியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பட்டறைக்குப் போனேன். ஊர் அவரை 'ஆசாரி' என்று கூப்பிடும். எனக்கு அவர் தாத்தா. தலையை ஒருமுறை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு காம்பின் முனையை வெளிச்சத்தில் காட்டினார்.

"இரும்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. காம்பைத்தான் நீங்க தண்ணி ஊத்திக் கொன்னுருக்கீங்க."

தண்ணீர் வைத்தியம் ஏன் ஆபத்து?

கோடாலி வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இது. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மரம் தண்ணீர் குடித்தால் உப்பும். ஆனால், துளைக்குள் இருக்கும் மரத்துக்கு உப்ப இடமில்லை. சுற்றிலும் இரும்பு. அதனால் மரத்தின் இழைகள் ஒன்றையொன்று நெரித்து நசுங்குகின்றன. அப்போதைக்கு இறுக்கமாகத் தெரியும். வெயிலில் காய்ந்ததும் மரம் சுருங்கும். நசுங்கிய இழை பழைய அளவுக்குத் திரும்பாது. முன்பு இருந்ததைவிட இன்னும் தளர்ந்துபோகும். மறுபடி ஊறப்போடுவோம், மறுபடி நசுங்கும். ஒவ்வொரு முறையும் காம்பு கொஞ்சம் சிறுத்துக்கொண்டே வரும். ஒருநாள் கழன்று பறக்கும்.

ஆணி அடிப்பதும் இதே ரகம்தான். ஆடும் தலையில் நாலு ஆணியை அடித்து இறுக்கினால் காம்பு அந்த இடத்திலேயே பிளக்க ஆரம்பிக்கும். தலை ஆடினால் செய்ய வேண்டியவை இரண்டுதான். ஆப்பு மட்டும் தளர்ந்திருந்தால் ஆப்பை மாற்ற வேண்டும். காம்பு நைந்திருந்தால் காம்பையே மாற்ற வேண்டும்.

குலத்தைக் காக்கும் காம்பு

தன் இனத்தையே காட்டிக்கொடுப்பவரைக் 'கோடாரிக் காம்பு' என்று திட்டுவது நம் வழக்கம். மரத்தை வெட்ட மரமே துணை போகிறது என்ற கோபம் அது. ஆனால், வெட்டுபவரின் கையையும் பக்கத்தில் நிற்பவரின் உயிரையும் காப்பது அந்தக் காம்புதான். ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொண்டு, தோளுக்கு மிச்சத்தை மட்டும் அனுப்புகிறது. இரும்புக் குழாயைக் காம்பாகப் போட்டு வெட்டியவர்களுக்கு இந்த அருமை தெரியும். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலி பின்னி எடுத்துவிடும்.

அமெரிக்காவில் ஹிக்கரி, ஐரோப்பாவில் ஆஷ் என்று காம்புக்கென்றே பெயர்போன மரங்கள் உண்டு. நம் பக்கம் மட்டும் என்ன குறை? மலையோரக் காடுகளில் வளரும் வெக்காலியும் சடச்சியும் வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. சமவெளியில் கருவேலம், உசிலை, விடத்தலை, புளி எல்லாம் காம்புக்கு ஆகும். சீமைக்கருவேலம்கூடக் கெட்டியான மரம். காய்ந்தால் அதிகம் சுருங்காது. ஆனால், முடிச்சில்லாமல் நேராக ஒரு முழத்துக்கு மேல் கிடைப்பது அபூர்வம்.

"தேக்குல போட்டா என்ன தாத்தா?" என்று கேட்டேன்.

"கதவுக்குப் போடு. நூறு வருஷம் நிக்கும். ஓங்கி அடிக்கிற சாமானுக்கு ஆகாது, பட்டுனு ஒடிஞ்சிரும்" என்றார்.

மரத்தின் பெயரைவிட முக்கியமானது இழை ஓடும் திசை. காம்பின் ஒரு முனையில் தொடங்கும் இழை மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில்தான் முறியும். அதனால்தான் பழைய ஆட்கள் காம்புக்கு மரத்தை அறுக்க மாட்டார்கள், பிளப்பார்கள். ரம்பம் இழையைப் பார்க்காது, தன் கோட்டில் போகும். பிளந்தால், மரம் தன் இழையோடுதான் பிளக்கும். கடையில் காம்பு வாங்கினாலும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வளைவு, முடிச்சு, குறுக்கே ஓடும் கோடு, பூச்சித் துளை இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெயின்ட் அடித்த காம்பை வாங்கவே வேண்டாம். பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, பச்சை மரத்தில் காம்பு போடக் கூடாது. காய்ந்ததும் சுருங்கித் தலை ஆடும். பிளந்த கட்டையின் இரு முனைகளிலும் சாணியோ மெழுகோ பூசி, நிழலில் ஆறு மாதமாவது போட்டு வைக்க வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அதை அடைத்தால் வெடிப்பு விழாது.

தலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தென்னை மட்டை, சுள்ளி, அடுப்புக்கு விறகு என்றால் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை எடையுள்ள கைக்கோடாலி போதும். காம்பு ஒன்றே கால் அடி. மரம் வெட்ட ஒன்றரை முதல் இரண்டு கிலோ தலையும், இரண்டரை முதல் மூன்று அடிக் காம்பும் வேண்டும். கனமான கோடாலி வாங்கினால் சீக்கிரம் வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். பத்தாவது வெட்டில் கை தளரும். கை தளர்ந்தால் குறி தவறும்.

காம்பின் நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கையை நீட்டித் தலையை உள்ளங்கையில் பிடித்தால், காம்பின் அடி அக்குளைத் தொட வேண்டும். பெரிய கோடாலிக்கு அதுதான் உங்கள் அளவு.

தலையின் வடிவமும் வேலைக்கு ஏற்ப மாறும். குறுக்கே வெட்டும் கோடாலிக்குக் கன்னம் மெலிந்திருக்க வேண்டும். விறகு பிளக்கும் கோடாலிக்குக் கன்னம் ஆப்பு போலத் தடித்திருக்க வேண்டும். மெலிந்ததில் பிளந்தால் மரத்திலேயே மாட்டிக்கொள்ளும். தடித்ததில் வெட்டினால் துள்ளித் தெறிக்கும். துளை நடுவில் நேராக இருக்கிறதா, வாயும் துளையும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கோணலான துளைக்கு எவ்வளவு நல்ல காம்பு போட்டாலும் வெட்டு கோணலாகத்தான் விழும்.

உலையில் என்ன நடக்கிறது?

தாத்தாவின் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டைகள்தான் மூலப்பொருள். பாரத்தைத் தாங்கித் தாங்கிப் பழகிய எஃகு. அந்தக் காலத்தில் தலையைச் சாதா இரும்பில் அடித்து, வாய்க்கு மட்டும் எஃகு வைத்து ஒட்டுவார்களாம். எஃகு அவ்வளவு விலை.

இரும்பைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். சம்மட்டியால் வடிவம் கொண்டு வருகிறார்கள். உயிர்நாடியான வேலை கடைசியில்தான் வருகிறது. சிவக்கக் காய்ந்த தலையில் வாயை மட்டும் தண்ணீரில் தோய்க்கிறார். வாய் கண்ணாடி போலக் கடினமாகிவிடும். அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் பொரிந்துவிடும். அதனால் உடனே வெளியே எடுத்து, வாயைக் கொஞ்சம் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் காத்திருக்கிறார். மண்டையில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்குகிறது. வெளிர் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் நகர்ந்து வரும். வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் முழுதாகத் தண்ணீரில் அமுக்கிவிடுகிறார். வாய் உறுதி, மண்டை மென்மை. இந்தக் கணக்குக்கு அவரிடம் மீட்டர் கிடையாது. கண்தான் மீட்டர்.

இது தெரிந்தால் இரண்டு தவறுகளைச் செய்ய மாட்டீர்கள். ஒன்று, பழைய காம்பை எடுக்கக் கோடாலியை நெருப்பில் போடுவது. இன்னொன்று, கிரைண்டரில் பொறி பறக்கத் தீட்டுவது. வாயில் நீல நிறம் ஏறிவிட்டால் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த வாய் இனி கூர் தாங்காது.

துளையில்லாத கோடாலிகள்

சென்னை பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவி, இந்தியாவின் கற்கால வரலாற்றையே தொடங்கிவைத்தது. நம் முன்னோரின் அந்தக் கைக்கோடாலிகளுக்குக் காம்பே கிடையாது. உள்ளங்கையில் அடக்கிப் பிடிப்பதுதான். பிறகு வந்த பெருங்கற்கால ஈமக்குழிகளில் தட்டையான இரும்புக் கோடாலிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் துளை இல்லை. குறுக்காகச் செல்லும் இரும்புப் பட்டைகளை வைத்துக் காம்போடு பிணைத்திருக்கிறார்கள். தலை கழன்றுவிடக் கூடாதே என்ற கவலை அன்றும் இருந்திருக்கிறது!

காம்பு மாட்டும் முறை

தாத்தா எனக்குக் காம்பு போட்டுத் தரவில்லை. "உன் தம்பி தலைக்குத்தானே வந்துச்சு. நீயே போடு" என்று உளியைக் கையில் கொடுத்துவிட்டார். அன்று கற்றது இது.

பழைய காம்பைத் தலைக்குக் கீழே ரம்பத்தால் அறுத்து, துளையில் மிச்சமிருப்பதை இரும்புக் கம்பியால் தட்டி வெளியேற்ற வேண்டும். புதுக் காம்பை முட்டை வடிவில் செதுக்க வேண்டும். உருண்டையாக இருந்தால் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது. அடி முனையில் கொஞ்சம் தடிப்பு விட்டால் வியர்த்த கையிலிருந்து நழுவாது.

துளைக்குள் போகும் பகுதியின் நடுவே, துளை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வெட்டு. அது ஆப்புக்கான இடம். காம்பைத் துளையில் நுழைத்ததும் தலையின் மேல் அடிக்கக் கூடாது. தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்துக்கொண்டு, காம்பின் அடியில் மரச்சுத்தியால் தட்ட வேண்டும். தலை தானாகக் காம்பில் ஏறி இறுகும். முதல்முறை பார்த்தபோது எனக்கு வித்தை மாதிரி இருந்தது. காம்பு மேலே கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதில் நன்றாகக் காய்ந்த மர ஆப்பை அடித்தால், துளையின் விரிந்த மேல்வாயை நிறைத்துக்கொண்டு மரம் பூட்டிக்கொள்ளும். தேவைப்பட்டால் அதற்குக் குறுக்கே ஒரு சின்ன இரும்பு ஆப்பு.

பிக்காசு போல மேலிருந்து காம்பைச் சொருகும் தலைகளும் உண்டு. அவற்றுக்கு ஆப்பு வேண்டாம். ஓங்க ஓங்கத் தலை காம்பின் தடித்த முனையில் இறுகும்.

என் முதல் காம்பு இழை விலகிப் போனது. அதை முழங்காலில் வைத்து ஒடித்து உலையில் போட்டார். இரண்டாவதும் உலைக்குத்தான் போனது. மூன்றாவதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார்.

கூரும் எண்ணெயும்

கோடாலிக்கு அரம்தான் நல்லது. தலையை அசையாமல் பிடித்துவைத்து, கைக்கு உறை போட்டுக்கொண்டு, ஒரே திசையில் தேயுங்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தேய வேண்டும். கடைசியில் சாணைக்கல்லில் நாலு இழுப்பு. சவரக் கத்தி போல மெலிதாக்கிவிட்டால் முதல் முடிச்சிலேயே வாய் பொரியும்.

காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். அது மரத்துக்குள் இறங்கிக் காய்ந்து கெட்டியாகும். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் காயாது, பிசுபிசுக்கும், கை நழுவும். வார்னிஷ் கொப்புளம் போடும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். இரும்புத் தலைக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசலாம். துரு அண்டாது.

கையில் எடுக்கும் முன்...

* தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துளியளவு ஆடினாலும் வெட்டாதீர்கள்.
* ஆப்பு வெளியே வந்திருக்கிறதா, காம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.
* குழந்தைகள் பக்கத்தில் மட்டுமல்ல, வீச்சுக்கு நேர் எதிரிலும் நிற்கக் கூடாது.
* விறகை அடிக்கட்டையின் மேல் வைத்து வெட்டுங்கள். குறி தவறினாலும் வாய் கட்டையில் இறங்கும், காலில் இறங்காது.
* மண்டையைச் சுத்தியலாக்கி இரும்பை அடிக்காதீர்கள். துளை நெளியும், சில்லு தெறிக்கும்.
* வெயிலிலும் மழையிலும் போடாதீர்கள். நிழலில், வாய்க்கு உறை போட்டுத் தொங்கவிடுங்கள்.

ஆசாரித் தாத்தாவின் உலை இப்போது எரிவதில்லை. கண் மங்கிவிட்டது. நிறம் பார்க்க முடியாதவன் தோய்ச்சல் போடக் கூடாது என்று அவரே நிறுத்திவிட்டார். அவர் 'பரவால்ல' சொன்ன அந்தக் காம்பு இன்னும் எங்கள் வீட்டுக் கோடாலியில்தான் இருக்கிறது. ஒருமுறை ஆப்பு மட்டும் மாற்றியிருக்கிறேன்.

தம்பி இப்போது என்னைவிட உயரம். பொங்கலுக்கு விறகு பிளப்பது அவன் வேலை. கோடாலியை எடுத்ததும் தலையை ஆட்டிப் பார்ப்பான். பிறகு கொட்டகைச் சுவரை ஒரு பார்வை. அதற்கப்புறம்தான் ஓங்குவான்.