மீளா அழிப்பும் கருவி விளக்கமும்

ஆக்குதல் அரிது, அழித்தல் எளிது. இவ்வுண்மையை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயினால், யாழ்ப்பாணப் பொது நூலகத்திலிருந்த ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அன்று அழித்தோர் அழிக்க வேண்டுமென்றே அழித்தனர். ஆயின், கெடுநோக்கம் சிறிதுமின்றி, அறிவுறுத்தலின் குறையொன்றினாலேயே நிகழும் அழிவும் உண்டு. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழகத்திலே கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியரின் ஏடுகளைத் தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர், அவை நெய்யில் தோய்க்கப்பட்டு ஓமத்தீயில் இடப்பட்டமையை அறிந்து வருந்திய செய்தி ‘என் சரித்திர’த்திற் காணப்படுகின்றது. ஆகம விதி அதுவென்று அங்குள்ளார் கூறினராம். சிதைந்த ஏட்டைப் புதிதாகப் பிரதி செய்துகொண்ட பின்னர்ப் பழையதை ஆகுதியாக்குவதே முன்னோர் வழக்கு என்றும், பிற்காலத்தார் பிரதி செய்தலை மறந்து எரித்தலை மாத்திரம் கைக்கொண்டனர் என்றும் ஐயரவர்கள் விளக்குகின்றார். செயல் நின்றது, அதற்குரிய நிபந்தனை நழுவியது. எரித்தவரோ விதிக்குப் பணிந்தோராகவே தம்மைக் கருதினர்.

இந்நிலை இன்று கணினியுலகிற் புதுவடிவம் கொண்டுள்ளது. செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, வினாவுக்கு விடை கூறுவதோடமையாது, தரப்பட்ட கருவிகளை எடுத்துத் தானே வினையாற்றும் மென்பொருளாகும். கோப்பைத் திறத்தல், பதிவைத் திருத்தல், அழித்தல் என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கருவியுண்டு. கருவியின் பெயரையும் அதனோடு எழுதப்பட்ட சில வரி விளக்கத்தையும் படித்தே, எதனை எப்போது எடுப்பதென முகவர் துணிகின்றது. அலுவலகத்துப் பழைய எழுதுவினைஞர் ஒருவர், ‘இப்பேரேட்டுக்கு வேறு பிரதியில்லையே’ என்று தம் அனுபவத்தால் அறிந்து கைதயங்குவார். முகவருக்கு அவ்வனுபவம் இல்லை; எழுதப்படாத வழக்கம் அதன் கண்ணிற்படாது.

2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நிகழ்ந்ததொன்றை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஜேசன் லெம்கின் என்னும் அமெரிக்கத் தொழில்முனைவோர் ரெப்லிற் நிறுவனத்தின் முகவரைக்கொண்டு மென்பொருள் ஆக்கி வந்தார். மாற்றம் எதுவுஞ் செய்யலாகாதென்று அவர் தடுத்திருந்தும், அம் முகவர் பயன்பாட்டிலிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அதன்மேல், மீட்டற்கு வழியில்லையென்றுங் கூறியது. ஆயினும் அவர் முயன்றபோது தரவுகள் மீண்டன. அழித்தது எவ்வளவு பிழையோ, மீளுமா மீளாதா என்பதை அறியாது உரைத்ததும் அவ்வளவு பிழையே.

ஆதலின், மீளா அழிப்பைச் செய்யுங் கருவிக்கு விளக்கம் எழுதுவோர் நான்கினைத் தெளிவுறக் கூறல் வேண்டும். அழிவது யாது, அதனோடு சேர்ந்தழிவன யாவை என்பது ஒன்று. மீட்பு உண்டா, உண்டெனில் எத்துணை நாள் என்பது இரண்டு. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் இட்டது முப்பது நாள் கிடக்கும். யூனிக்ஸ் முறைமையின் ‘ஆர்எம்’ கட்டளைக்கோ குப்பைத்தொட்டியே இல்லை. இரண்டையும் ‘நீக்கும்’ என்னும் ஒரே சொல்லாற் குறித்தல் ஆகாது. அழிக்குமுன் நிறைவேற வேண்டிய நிபந்தனை யாது, எவருடைய இசைவு வேண்டும் என்பது மூன்று. அழிக்காமலே கருமம் முடிக்கத்தக்க வேறு கருவி எது என்பது நான்கு.

‘தேவையற்றவற்றைத் துப்புரவாக்கும்’ என்று ஒரு கருவிக்கு விளக்கம் எழுதப்பட்டதெனக் கொள்வோம். துப்புரவு நற்சொல், எனவே முகவர் அதனைத் தயங்காது எடுக்கும். அதனையே, ‘ஒரு நூலின் பதிவையும் அதன் பக்கப் படங்கள் அனைத்தையும் நிரந்தரமாக அழிக்கும். மீட்க இயலாது. வேறு பிரதி உண்டெனச் சோதித்தறிந்து, பொறுப்பாளர் அந்நூலின் எண்ணைக் குறித்து இசைவு தந்த பின்னரே பயன்படுத்துக. பார்வையினின்று நீக்குதல் மாத்திரம் வேண்டின் மறைத்தற் கருவியை எடுக்க’ என்று எழுதினால், நழுவிய நிபந்தனை மீண்டும் செயலோடு பிணைக்கப்படும்.

முகவரையுங் கருவிகளையும் இணைத்தற்கென அந்த்ரோப்பிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொதுநெறியில், கருவியொன்று அழிக்கவல்லதா என்பதைக் குறித்தற்கும் 2025இல் இடஞ் செய்யப்பட்டது. மாற்றஞ் செய்யுங் கருவிக்கு அக்குறிப்பு எழுதப்படாதவிடத்து, அஃது அழிக்கவல்லதென்றே கொள்ளப்படும். ஐயமுள்ளவிடத்து அச்சமே தகும் என்னும் இம்முறை போற்றற்பாலது. எனினும் குறிப்பு என்பது எச்சரிக்கையே, பூட்டன்று. மனிதர் இசைவின்றிக் கருவி இயங்காதவாறு தடுத்தலும், பிரதியை முகவரின் கை எட்டாத வேறிடத்தில் வைத்தலும் உடன் செய்யப்படல் வேண்டும்.

எரிந்த நூல்நிலையத்தின் நினைவு மாறாத இம் மண்ணின் நூல்களும் இதழ்களும், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளாற் கணினியில் ஏறிவருகின்றன. அத்தகைய சேமிப்புக்களைப் பேணும் பணியில் நாளை முகவர்களும் அமர்த்தப்படலாம். அவற்றுக்கான கருவிகளை ஆக்குவோருள் நம் கல்லூரியின் மாணவரும் இருப்பர். அவர்கட்கு நாம் கூறுவது இதுவே: கருவியைச் செய்தவுடன் பணி முடிந்ததென எண்ணற்க. அதனருகே எழுதும் நான்கு வரிகளும் அப்பணியின் பகுதியே. ‘முதலிற் பிரதி செய்க’ என்னும் ஒரு வரி நழுவியமையால் தமிழ் இழந்த ஏடுகள் எத்துணையென எண்ணிப் பார்த்து, அவ்வரிகளை எழுதுவீராக.