பெயர்தான் கில்லி... யாரையும் கொல்லாது! - வீட்டுத் தொட்டியில் வளரும் மானத்துக்கண்ணி

'கில்லி' என்றதும் நம் ஊரில் விஜய்யும் கபடியும்தான் ஞாபகத்துக்கு வரும். வண்ணமீன் கடையில் 'கில்லி மீன்' என்று கேட்டால், "ஐயையோ, மத்த மீனையெல்லாம் கொன்னுடுமா?" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. டச்சு மொழியில் 'கில்' என்றால் சிற்றோடை. ஓடைகளிலும் குட்டைகளிலும் வாழ்கிற சின்னஞ்சிறு மீன்கள் என்பதால் வந்த பெயர் இது. உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கில்லி மீன் இனங்கள் இருக்கின்றன.

அதில் சில நம்மூர்க்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது. குளத்தங்கரையிலும் வயல் வாய்க்காலிலும் தண்ணீரின் மேல்மட்டத்தில் அசையாமல் நின்றபடி, தலையில் வெள்ளைப் பொட்டு மின்ன ஒரு குட்டி மீன் தெரியும். கை நிழல் பட்டதும் சட்டென்று விலகிவிடும். அதுதான் நம் கில்லி. மலையாளத்தில் இதற்கு 'மானத்துக்கண்ணி' என்று அழகான பெயர். 'மானம் கறுத்திருக்கு, மழை வரும்' என்று நம் கிராமங்களில் சொல்வார்களே, அதே மானம். எப்போதும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் என்று பொருள்.

இந்த மீனை வீட்டில் வளர்ப்பதும், முட்டையிட வைத்துக் குஞ்சு எடுப்பதும் பெரிய வித்தை இல்லை. ஆனால், 'இது எந்த மீன்?' என்று சரியாகத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

கொசு மீனா, கில்லியா?

'கொசு மீன்' என்று அழைக்கப்படும் கம்பூசியா அமெரிக்காவைச் சேர்ந்தது. கொசுப்புழுவை ஒழிப்பதற்காக 1920-களில் இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டு, பிறகு நாடு முழுக்கக் குளங்களிலும் கிணறுகளிலும் விடப்பட்டது. கொசுப்புழுவைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால், போன இடத்திலெல்லாம் அங்கிருந்த சிறு மீன்களின் துடுப்பைக் கடிப்பது, முட்டைகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்பது என்று அட்டகாசம் செய்ததால், உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் சேர்க்கப்பட்டுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே வேலையைச் செய்ய நம் குளத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது. கொசுப்புழு மூச்சு விடுவதற்குத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். மானத்துக்கண்ணி காத்திருப்பதும் அதே மேல்மட்டத்தில்தான். வாய் மேல்நோக்கி இருப்பதால், கீழே குனியாமலேயே லபக்கென்று பிடித்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலில் தலை. கில்லியின் தலை மேல்பக்கம் பலகைபோலத் தட்டையாக இருக்கும், வாய் அகலம். உச்சந்தலையில் வெள்ளி நிறத்தில் ஒரு பொட்டு மின்னும். கம்பூசியாவுக்கும் கப்பிக்கும் இந்தப் பொட்டு கிடையாது.

இரண்டாவது முதுகுத்துடுப்பு. கில்லிக்கு அது முதுகின் நடுவில் இருக்காது. வாலுக்கு மிக அருகில், சிறியதாக ஒட்டவைத்தது போல இருக்கும்.

மூன்றாவது அடிவயிறு. கம்பூசியா, கப்பி ஆண்களுக்கு அடிவயிற்றுத் துடுப்பு ஒரு குச்சிபோல மாறியிருக்கும். பெண்ணுக்கு வயிற்றின் பின்பகுதியில் கருநிறப் புள்ளி தெரியும். அவை குட்டி போடும் வகை. கில்லி முட்டையிடும் வகை என்பதால் இந்த அடையாளங்கள் அதற்கு இல்லை.

நம்மூர் கில்லிகள் யார் யார்?

நம் கில்லிகளின் பேரினத்துக்கு அறிவியல் பெயர் அப்லோகைலஸ். கடைக்காரர்கள் 'பான்சாக்ஸ்' என்பார்கள்.

இருப்பதிலேயே பெரியது அப்லோகைலஸ் லினியேட்டஸ். 10 செ.மீ. வரை வளரும். உடம்பில் வரிசை வரிசையாகப் பொன்பச்சைச் செதில்கள் மினுக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையையொட்டிய ஓடைகளில் அதிகம் வாழ்கிறது. கடைகளில் 'கோல்டன் வொண்டர் கில்லி' என்ற பெயரில் மஞ்சள் தங்க நிறத்தில் விற்கிறார்களே, அது வேறு இனமில்லை. இதே லினியேட்டஸின் வளர்ப்பு நிறவகைதான். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகள் போன்ற இடங்களில் விசாரித்தால் பெரும்பாலும் இதைத்தான் காட்டுவார்கள்.

அடுத்தது அப்லோகைலஸ் பான்சாக்ஸ். முதுகுத்துடுப்பின் அடியில் கறுப்புப் புள்ளி இருக்கும். லேசான உப்புத் தண்ணீரையும் தாங்கும். 1822-ல் கங்கை நதி மீன்களைப் பற்றிய தன் நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் இதை விவரித்தார். 

சின்ன உருவத்தில் பார்வஸ், பிளாக்கி என்று இரண்டு இனங்கள் இருக்கின்றன. இவற்றில் பார்வஸுக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1916-ல் சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி சுந்தர ராஜ் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் அது அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. பார்வஸையும் பிளாக்கியையும் மாற்றிச் சொல்வது வியாபாரத்தில் சகஜம். இலங்கையில் டேயி, வெர்னரி என்ற உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

அதனால், நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். பயந்துபோன மீனும், பை தண்ணீரில் பயணம் செய்துவந்த மீனும் வெளிறித்தான் தெரியும். ஒரு வாரம் தொட்டியில் பழகவிட்டு, பக்கவாட்டில் போட்டோ எடுத்து, முதுகுத்துடுப்புப் புள்ளி, உடல் கோடுகள், நீளம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எந்த ஊர்த் தண்ணீரிலிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆண், பெண் அறிவது எப்படி?

லினியேட்டஸில் இது சுலபம். பெண்ணின் உடம்பில் பின்பாதியில் 6 முதல் 8 கருங்கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். முதுகுத்துடுப்பின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளியும் உண்டு. ஆணுக்குக் கோடுகள் மங்கல். செதில் மினுமினுப்பும் துடுப்பின் நீளமும் அதிகம். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற கணக்கில் வாங்குவது நல்லது. ஒரே பெண்ணை விட்டால், ஆண் ஓயாமல் துரத்தித் துரத்தியே அதை நோகடித்துவிடும்.

வீடு தயார் செய்யலாம்

இரண்டடி நீளத் தொட்டி போதும். ஆழத்தைவிட மேல்பரப்பு முக்கியம். தண்ணீர் வேகமாகச் சுழலக் கூடாது. ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் சரியாக இருக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் அதை நீக்கிய பிறகே ஊற்றுங்கள்.

கட்டாயம் வேண்டியது மூடி. கில்லி பெரிய தாண்டல்காரன். ஃபில்டர் ஒயர் போகிற சின்ன இடைவெளி இருந்தாலும் ராத்திரி குதித்து, காலையில் தரையில் கருவாடாகக் கிடக்கும். அந்த ஓட்டையையும் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள்.

வாய்க்குள் அடங்குகிற எதையும் கில்லி இரையாகவே பார்க்கும். அதனால் நியான் டெட்ரா போன்ற பொடி மீன்களோடு இதைச் சேர்க்க வேண்டாம்.

கம்பளி நூலில் முட்டை!

கில்லி மொத்தமாக முட்டையிட்டுவிட்டு ஓய்வெடுக்காது. தினமும் சில முட்டைகளாக, வாரக்கணக்கில் செடியின் வேரிலும் இலையிலும் ஒட்டிவைத்துக்கொண்டே இருக்கும். செடிக்குப் பதிலாக நாமே ஒரு 'முட்டைக் குஞ்சம்' செய்துகொடுக்கலாம்.

ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலில், ஒரு சாண் நீளத்துக்கு 20, 30 இழைகளை எடுத்து, நடுவில் முடிச்சுப் போட்டு, ஒரு தெர்மாகோல் துண்டில் கட்டி மிதக்க விடுங்கள். சாயம் போகாத நூலாக இருக்க வேண்டும். முதலில் வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக அலசிவிடுங்கள். அடர்பச்சை நூல் என்றால் மீன் கூச்சப்படாமல் நெருங்கும்; முட்டையும் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

முட்டை கடுகு அளவில், கண்ணாடிமணி போல இருக்கும். பயப்படாமல் விரலாலேயே எடுக்கலாம், சட்டென்று உடையாது. ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் அதே தொட்டித் தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, முட்டைகளை அதில் போடுங்கள். பூஞ்சை வராமலிருக்க, தண்ணீர் லேசாக நீலம் பாய்கிற அளவுக்கு மட்டும் மெத்திலீன் ப்ளூ சேர்க்கலாம். வெள்ளையாகிப்போன முட்டை கெட்ட முட்டை. அதை அன்றன்றே எடுத்துவிடாவிட்டால் பக்கத்து முட்டைக்கும் பூஞ்சை பரவும்.

ஒரு வாரத்தில் முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவைதான் குஞ்சின் கண்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுங்கள். துடிக்கிற இதயத்தையும் பார்க்கலாம். தண்ணீரின் சூட்டைப் பொறுத்து, ஏறக்குறைய 10 முதல் 14 நாள்களில் குஞ்சு பொரிக்கும்.

குஞ்சுகளுக்கு என்ன சாப்பாடு?

பிறந்த குஞ்சும் அப்பா அம்மா போல மேல்மட்டத்திலேயேதான் நிற்கும். அடியில் விழுகிற உணவை அது தேடிப்போகாது. புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாதான் சிறந்த உணவு. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 25 கிராம் கல்லுப்பு கலந்து, ஆர்ட்டீமியா முட்டை ஒரு சிட்டிகை போட்டு, ஏர் பம்பில் குமிழ் விட்டால் ஒரு நாளில் பொரித்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

இரண்டு வாரம் போனதும் ஒரு பிரச்னை தலைதூக்கும். முதலில் பிறந்த குஞ்சு, பின்னால் பிறந்ததை விழுங்கத் தொடங்கும். பெரியதும் சிறியதுமாகத் தெரிந்தாலே தனித்தனி டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். தாய் தந்தை இருக்கிற தொட்டியில் குஞ்சை விடவே கூடாது.

மண்ணுக்குள் தூங்கும் முட்டை

கில்லிக் குடும்பத்தில் இன்னொரு கிளை இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் நோத்தோபிராங்கியஸ் வகை மீன்கள். நம் மானாவாரி நிலத்தைப் போல இவையும் மழையை நம்பியே வாழ்கின்றன. மழைக்குட்டையில் பிறந்து, வளர்ந்து, முட்டையைச் சேற்றில் புதைத்துவிட்டு, குட்டை வற்றும்போது மொத்தமாகச் செத்துப்போகும். காய்ந்த மண்ணுக்குள் முட்டை மட்டும் வளர்ச்சியை நிறுத்திவைத்துத் தூங்கும். அடுத்த மழை பெய்ததும் சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தும்.

இதில் நோத்தோபிராங்கியஸ் ஃபர்சேரி என்ற இனத்தின் ஆயுள் சில மாதங்கள்தான். மொசாம்பிக்கில் இது பிறந்த 14 நாளிலேயே பருவமடைவதாக 2018-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முதுமை எப்படி வருகிறது என்று ஆராய்கிறவர்களுக்கு இது ஒரு செல்ல மீன். 2015-ல் இதன் மரபணு வரைபடமும் வெளியானது.

சான்சிபார் தீவைச் சேர்ந்த குந்தேரி இனத்தை ஆர்வலர்கள் வீட்டில் வளர்க்கிறார்கள். ஒரு டப்பாவில் அலசிய பீட் மண்ணை வைத்தால் அதில் முட்டையிடும். அந்த மண்ணைப் பிழிந்து, புட்டு மாவு பதத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஏறக்குறைய மூன்று மாதம் வைத்திருந்து தண்ணீர் ஊற்றினால் குஞ்சுகள் வரும். இப்படிப் பையில் கட்டிய முட்டைகள் தபாலில் நாடு விட்டு நாடு போகின்றன.

ஒரு சீட்டு ஒட்டுங்கள்

நோத்தோபிராங்கியஸ் ஆண்கள் ஒவ்வொன்றும் ஒரு நிறம். பெண்களோ எல்லா இனத்திலும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். இரண்டு இனத்தை ஒரே தொட்டியில் விட்டால் எந்தப் பெண் எதுவென்று பிரிக்கவே முடியாது. கலப்பினம் பிறந்துவிட்டால் அந்த வம்சம் அத்தோடு குழம்பிவிடும். அதனால்தான் பழகிய வளர்ப்பாளர்கள் ஒவ்வொரு டப்பாவிலும் இனத்தின் பெயர், மூதாதை மீன் பிடிக்கப்பட்ட ஊர், முட்டை எடுத்த தேதி ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டுகிறார்கள். ஊர் தெரியாத மீனோடு ஊர் தெரிந்த மீனை அவர்கள் சேர்ப்பதே இல்லை. நம் மானத்துக்கண்ணிக்கும் இதே பழக்கம் வேண்டும்.

குஞ்சுகள் அதிகமாகிவிட்டால், 'பக்கத்துக் குளத்தில் விட்டுவிடலாம், புண்ணியம்' என்று தோன்றும். வேண்டாம். கடையில் வாங்கிய தங்க நிறக் கில்லி அந்தக் குளத்தின் மீன் அல்ல. தொட்டியிலிருந்து நோயும் கூடவே போகும். நல்ல நோக்கத்தோடு குளத்தில் விடப்பட்ட கம்பூசியா என்ன செய்தது என்று மேலே பார்த்தோம். அதேபோல, காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் உள்ள ஓடைகளில் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பதும் குற்றம்.

மிஞ்சிய குஞ்சுகளை மொட்டை மாடியில் அல்லித் தொட்டி வைத்திருக்கிற நண்பருக்குக் கொடுங்கள். தண்ணீரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிறுத்தி, கொஞ்சம் நிழலும் இலை மறைவும் இருந்தால் போதும். அந்தத் தொட்டியில் கொசுப்புழு தங்காது. கொடுக்கும்போது பெயரும் ஊரும் எழுதிய அந்தச் சீட்டையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள்.