நம்பாமைக்கு ஆகும் செலவு

கலிபோர்னியாவின் ஃபிரீமாண்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையில் சுமார் 5,000 பேர் வேலை பார்த்தார்கள். அதன் கடைசி ஆண்டுகளில் வேலைக்கு வராதவர்கள் 20 சதவீதம். ஒரு நாளைக்கு ஆயிரம் இடம் காலி என்று வைத்துக்கொள்ளலாம். தொழிற்சங்க ஒப்பந்தத்தின் மூன்றாண்டுக் காலத்துக்குள் 5,000 முதல் 7,000 புகார் மனுக்கள் குவிந்தன. 1982-இல் ஆலையை மூடினார்கள். அமெரிக்காவின் மோசமான கார்த் தொழிலாளர்கள் என்ற கெட்ட பெயர்தான் ஆட்களுக்கு மிஞ்சியது.

வேலையாள் இயல்பிலேயே சோம்பேறி, விரட்டினால்தான் நகர்வான் என்ற நினைப்புக்கு எம்.ஐ.டி. பேராசிரியர் டக்ளஸ் மெக்ரிகர் 1960-இல் ‘எக்ஸ் கோட்பாடு’ என்று பெயர் வைத்தார். பொறுப்பைக் கொடுத்தால் தோள் கொடுப்பான் என்ற எதிர்நினைப்பு ‘ஒய் கோட்பாடு’. இரண்டையும் ஒரே கூரையின் கீழ், அநேகமாக அதே ஆட்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஃபிரீமாண்டில் அமைந்தது.

பூட்டிய ஆலையை டொயோட்டாவும் ஜி.எம்.மும் சேர்ந்து ‘நும்மி’ என்ற பெயரில் திறந்தன. டொயோட்டா போட்டது 10 கோடி டாலர் ரொக்கம். ஜி.எம். கொடுத்தது 8.9 கோடி மதிப்புள்ள ஆலையும் 1.1 கோடி ரொக்கமும். முதலில் எடுத்த சுமார் 2,200 தொழிலாளர்களில் 85 சதவீதம் பழைய ஆட்கள். சங்கமும் பழைய சங்கமே. 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது.

எண்பது வகையாகப் பிரித்துக் கிடந்த உற்பத்தி வேலைகள் ஒரே வகையாயின. லைனை நிறுத்துவது பழைய ஆலையில் மாபாதகம். இங்கே தலைக்கு மேல் கயிறு தொங்கியது, கோளாறைக் கண்டவர் யாரும் இழுக்கலாம்.

வராதோர் கணக்கு 4 சதவீதத்துக்குள் இறங்கியது. 1991 முடிய எட்டு ஆண்டுகளில் வந்த புகார் மனுக்கள் மொத்தமே 700 அளவில்தான். 1987-இல் ஜி.எம்.மின் ஃபிரேமிங்ஹாம் ஆலையில் ஒரு காரைப் பொருத்தி முடிக்க 31 மணி நேரம், 100 காருக்கு 135 குறைகள். நும்மியில் 19 மணி நேரம், 45 குறைகள். ஜப்பானில் டொயோட்டாவின் தகஓகா ஆலையிலும் குறைகள் அதே 45, நேரம் மட்டும் 16. அந்தப் பத்தாண்டில் ரோபோக்களுக்கும் புது ஆலைகளுக்கும் ஜி.எம். இறைத்தது 4,000 கோடி டாலருக்கு மேல். ஃபிரீமாண்டிலோ இயந்திரங்கள் சாதாரணமானவை.

நம்பிக்கையும் ஓசியில் வரவில்லை. 1988-இல் கார் விற்பனை படுத்து, ஆலையின் திறனில் 60 சதவீதம்கூட ஓடவில்லை. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உபரி ஆட்களைப் பயிற்சிக்கும் ஆலைப் பராமரிப்புக்கும் அனுப்பிச் சம்பளம் கொடுத்தார்கள். ஆள்குறைப்புக்கு முன் மேலதிகாரிகளின் சம்பளத்தை வெட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. என்னைக் கேட்டால், கயிற்றைவிட இந்த ஷரத்துதான் ஆட்களிடம் பேசியிருக்கும். 1991-இல் மட்டும் அவர்கள் தந்த யோசனைகள் 10,000-க்கு மேல். அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் நடைமுறைக்கு வந்தன.

பற்றுப் பக்கமும் உண்டு. பழைய ஆலையில் நிமிடத்துக்கு 45 விநாடி உழைத்த கைகள் நும்மியில் 57 விநாடி உழைத்தன. இரண்டாண்டு வேலையின்றிக் கிடந்த பயமும் அதற்குள் இருந்திருக்கும். ஒய் கோட்பாட்டைப் புகழ்வோர் இந்த 12 விநாடியை ஏனோ எழுதுவதில்லை.

ஜி.எம். அதே மாநிலத்தின் வான் நைஸ் ஆலையிலும் நும்மியைப் போலக் குழு வேலையையும் கயிற்றையும் கொண்டுவந்தது. ஆனால் மேலாளர்களின் பிழைப்பு வெளியே போகும் கார்களின் எண்ணிக்கையில் இருந்தது. லைன் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை. 1992-இல் அந்த ஆலையும் மூடப்பட்டது.