நைரோபி சென்று திரும்பியவருக்குக் காய்ச்சலா?

அச்சங்குளம், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளிலிருந்து கென்யத் தலைநகர் நைரோபியில் பணிபுரியும் மகனையோ மகளையோ காணப் புறப்படும் பெற்றோரின் பெட்டியில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் முதலில் இடம்பிடித்துவிடுகின்றன. உடல்நலத்துக்கான ஏற்பாடுகளோ கடைசி வாரம்வரை தள்ளிப்போகின்றன. இது சரியன்று. பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னரே மருத்துவரைக் காண வேண்டும். அதற்கான காரணங்களை இங்கே காண்போம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளுள் கென்யாவும் ஒன்று. இந்தியாவில் இந்நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு நம் வீடுகளில் உண்டு. ஆகவே கென்யாவிலிருந்து திரும்புவோரிடம் நம் விமான நிலையங்களில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். அது இல்லாதவர்களை 6 நாள்கள்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

தடுப்பூசி போட்ட 10 நாள்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 முதல் ஒரு முறை போட்டுக்கொண்டாலே அது வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்திலும், சென்னை, தூத்துக்குடி ஆகிய ஊர்களின் துறைமுகச் சுகாதார அலுவலகங்களிலும் இது போடப்படுகிறது. நமக்கு அருகில் இருப்பது தூத்துக்குடியே. போடப்படும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, கடவுச்சீட்டுடன் செல்லுங்கள்.

இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆன தடுப்பூசி. 60 வயதைக் கடந்தவர்கள், கருவுற்றவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள் ஆகியோர் பயணச்சீட்டு வாங்கும் முன்னரே மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும்.

மருந்தும் பயணப்பெட்டியும்

நைரோபி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலைவிடச் சற்றே தாழ்வு. இரவில் குளிரும். மூச்சிரைப்பும் இதயநோயும் உள்ளவர்கள் முதல் இரண்டு நாள்கள் ஓய்வாக இருப்பது நலம். அங்குள்ள நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. இன்சுலின் போடுவோர் நேர மாற்றம் குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். சரக்குப் பகுதியில் அனுப்பினால் குளிரில் உறைந்து கெடலாம். மற்ற மாத்திரைகளையும் அவற்றின் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் கொண்டு செல்லுங்கள்.

நம் பகுதியினருக்கு மட்டும் ஒரு சொல். தீபாவளிக்கென அங்குள்ள பிள்ளைகள் ஆசையாகக் கேட்டாலும், பட்டாசு எதையும் விமானத்தில் கொண்டு செல்லலாகாது. கம்பி மத்தாப்பும் இதில் அடங்கும். பிளாஸ்டிக் கைப்பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை உள்ளது, துணிப்பையே நல்லது.

நகரத்தில் குறைவு, வெளியே மிகுதி

“நைரோபியில் மலேரியா இல்லை” என்று உறவினர் சொல்லக்கூடும். உயரமான, குளிர்ந்த இடமாதலால் நகருக்குள் அபாயம் குறைவு என்பது உண்மையே. ஆனால் மொம்பாசா கடற்கரைக்கோ விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமுவுக்கோ சுற்றுலா சென்றால் நிலைமை வேறு. அங்கே பரவுவது பெரும்பாலும் பால்சிபாரம் எனும் கொடிய வகை மலேரியா. குளோரோகுயின் அங்கே பாதுகாப்புத் தராது. எனவே செல்லவிருக்கும் ஊர்கள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லி, தக்க தடுப்பு மாத்திரையைப் பெறுங்கள். சில மாத்திரைகளை ஊர் திரும்பிய பின்னும் 4 வாரங்கள் தொடர வேண்டும், இடையில் நிறுத்தலாகாது. மலேரியாக் கொசு அந்திமுதல் விடியல்வரை கடிக்கும். முழுக்கை உடையும் கொசுவலையும் அவசியம்.

திரும்பிய பிறகு

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பால்சிபாரம் மலேரியா, கொசு கடித்த ஒரு வாரம் கழித்தே வெளிப்படும். சிலருக்கு ஒரு மாதமோ மூன்று மாதமோகூட ஆகலாம். அதற்குள் பயணம் மறந்துபோயிருக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, வாந்தி கண்டவுடன் “டெங்குவாக இருக்கும், சளிக்காய்ச்சலாக இருக்கும்” என்று கடையில் மாத்திரை வாங்கி இரண்டு நாள் காத்திருப்பார்கள். இந்நோயில் அந்த இரண்டு நாள்களே உயிருக்கு ஆபத்தாகலாம். மூளையும் சிறுநீரகமும் வெகு விரைவில் பாதிக்கப்படும். உரிய நேரத்தில் சிகிச்சை தொடங்கினால் முற்றிலும் குணப்படுத்தலாம்.

தமிழகத்தில் மலேரியா மிகவும் குறைந்துவிட்டது. ஆகவே நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கும் அந்த ஐயம் எழாமல் போகக்கூடும். 2016-இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்ற இலங்கை, வெளிநாடு சென்று திரும்புவோரின் காய்ச்சலை இன்றும் விழிப்போடு கண்காணித்து வருகிறது. நம் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் அனாபிலிஸ் கொசு, ஒருவரின் நோயை அக்கம்பக்கத்தாருக்கும் கொண்டு செல்ல வல்லது. எனவே விரைந்து பரிசோதிப்பது ஊருக்கும் நல்லது.

உடனிருந்து கவனிப்போருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். பயணம் முடிந்து மூன்று மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், தடுப்பு மாத்திரை உண்டிருந்தாலும், அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். “இவர் ஆப்பிரிக்கா சென்று இன்ன தேதியில் திரும்பினார்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். முதல் சோதனையில் கிருமி தென்படாவிட்டாலும் காய்ச்சல் நீடித்தால், மருத்துவர் கூறும் இடைவெளியில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

திரும்பிய தேதியை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். நோயாளி தளர்ந்திருக்கும் வேளையில் அந்த வட்டமே அவருக்காகப் பேசும்.