மின்னாமல் நகரும் வெளிச்சம்

பொழுது சாய்ந்த பிறகு மொட்டை மாடியில் நிற்கும்போது, வானத்தில் பளிச்சென்று ஏதோ நகர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அது என்னவென்று தெரிந்துகொள்ள வெறும் கண்ணே போதும். விட்டு விட்டு மின்னினால், பெரும்பாலும் அது விமானம். இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கும் வலது நுனியில் பச்சை விளக்கும் இருக்கும்.

மின்னாமல், சத்தமில்லாமல், மேற்கிலிருந்து கிழக்குப் பக்கமாக ஒரே சீராகப் போகிறதா? வெள்ளிக் கிரகம் அளவுக்குப் பிரகாசமும் இருந்தால், அது அநேகமாகச் சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 2000-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட அங்கே ஆளில்லாமல் இருந்ததில்லை. நீங்கள் அண்ணாந்து பார்க்கும் அந்த நிமிடத்திலும் உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள்!

இங்கே இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும். அகன்ற சூரியத் தகடுகளிலும் உடல் பகுதியிலும் பட்டுத் திரும்பும் ஒளிதான் நமக்குத் தெரிவது. நடுவானத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே அது மங்கி மறைந்தால் திகைக்க வேண்டாம். பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கும். நம் ஊர்களில் நள்ளிரவில் அது தெரியாததற்கும் இதுதான் காரணம்.

சரம் கோத்தது போல் ஒளிப்புள்ளிகள் வரிசையாகப் போனால், அவை புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். சட்டென்று கீறி மறைந்தால் எரிகல்.

விண்வெளி நிலையம் உங்கள் ஊர் வானில் எப்போது, எந்தத் திசையில் தெரியும் என்பதை நாசாவின் 'ஸ்பாட் த ஸ்டேஷன்' செயலியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.