உருவம் யாருக்குச் சொந்தம்? - 9
போட்டிக்குப் போன கேபினெட்

பத்மநாபபுரம் அரண்மனையில் மந்திரசாலைக்கு ஏறிப் போயிருப்பவர்களுக்கு அந்தச் சாய்வான மரச்சட்டங்கள் நினைவிருக்கும். வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகிறவை. (அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், அதைப் பராமரிப்பது கேரள அரசு. அந்தச் சொந்தக் கதைக்கு ஒரு வாரம் போதாது.)

நாகர்கோவிலில் இருக்கும் என் தங்கை மகன் அந்தச் சட்டங்களைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்று வரைந்தான். கேம் ஆடுகிறவர்களின் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு அடுப்பாகக் கொதிக்கும். முன்பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்துவிட்டால் ஃபேன் எதை இழுக்கும்? இவன் முன்பக்கம் முழுக்கச் சாய்வுச் சட்டம் வைத்து, தூசி வலையை அதன் பின்னால் ஒளித்திருந்தான். ஒரு கம்பெனி நடத்திய வடிவமைப்புப் போட்டிக்கு அனுப்பினான். பரிசு வரவில்லை.

“போட்டும் மக்கா, அடுத்த தடவ பாப்போம்” என்றேன்.

“அது இல்ல மாமா. இத வாசிச்சுப் பாருங்க.”

போனில் விதிமுறை. ஜெயித்தது, தோற்றது என்ற வித்தியாசமில்லாமல் வந்து சேர்ந்த அத்தனை வடிவங்களும் நடத்துகிறவருக்கே சொந்தமாம். ‘சம்மதம்’ என்ற கட்டத்தில் இவனே டிக் அடித்திருக்கிறான்.

ரூபாய்க்குக் குறியீடு கேட்டு 2009-ல் மத்திய அரசு நடத்திய போட்டி ஞாபகம் வருகிறது. நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். வந்தவை 3,000-க்கும் மேல். கடைசிச் சுற்றுக்கு வந்த ஐந்து பேருக்குத் தலா 25,000 ரூபாய். 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றது கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமாரின் வடிவத்தை. பரிசு இரண்டரை லட்சம். பதிலுக்குப் பதிப்புரிமை அரசுக்கு. நாடே எழுதப்போகும் எழுத்தைத் தனி ஒருவர் வைத்திருக்க முடியாதுதான். கொடுத்தார், வாங்கினார், கணக்கு நேர். கேபினெட் செய்யும் கூலர் மாஸ்டர் கம்பெனியின் 2019 போட்டியில் வந்த சுறா உருவம்கூடப் பிறகு ‘ஷார்க் எக்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கே வந்தது. என் சண்டை ஜெயித்தவர்களைப் பற்றியது அல்ல. காலணா வாங்காமல் தோற்றவனின் படத்தை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்?

இன்னொரு பள்ளம் இதைவிட ஆழம். தங்கை மகன் அனுப்பிய போட்டியில் ஓட்டுப் போடுவதற்காக எல்லாப் படங்களையும் பொதுவில் வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, விண்ணப்பிக்கும் முன்பே உலகில் எங்காவது வெளியாகிவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது. ஊர் பார்த்தால் புதுமை போயிற்று. வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறதே என்பீர்கள். பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதில் 50-க்கு மேல் பொருள் செய்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் தீர்ந்தது. பதிப்புரிமைச் சட்டம், 15-ஆவது பிரிவு. கேபினெட்டை ஐம்பதோடு நிறுத்துகிற ஃபேக்டரி எங்கே இருக்கிறது?

முதலில் பதிவு, பிறகு போட்டி. தனி ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். கிடைத்தால் பத்து வருஷம், நீட்டித்தால் இன்னும் ஐந்து. நம் நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோமே என்று சிலர் கேட்கிறார்கள். அது ஊரின் பெயருக்குக் காவல். ஓர் ஆசாரி புதிதாகச் செய்த ராக்குடிக்கு அல்ல.

போன ஞாயிறு தங்கை வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள். வேறொரு கேபினெட், இந்த முறை ஓட்டுக்கூரை மாதிரி. பதிவு விண்ணப்பத்துக்காக முன், பின், இடம், வலம், மேல், கோணப் பார்வை என்று ஆறு படம் முடிந்திருந்தது. அடிப்பக்கம் எங்கே என்றேன்.

“அடியில நாலு ரப்பர் கால்தான் மாமா. அத யாரு பாக்கப் போறா?”

“வரை மக்கா.”

பென்சிலைச் சீவ ஆரம்பித்தான்.